சூலத்துக்குப் போட்ட நாலு துளை

மலேசியாவில் சுங்கை காடுட்டிலிருந்து செனாவாங் வரைக்கும் வீட்டுக் கூரைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் போனால், நான் செய்த தண்ணீர்த் தொட்டிகளை எண்ணி முடிப்பதற்குள் கழுத்து வலி வந்துவிடும். கோயிலுக்கு நிழல் கூரை, பள்ளிக்கூடத்துக்குச் சறுக்குமரம், ஐஸ்கிரீம் வண்டிக்கு உடம்பு, எல்லாம் இந்தக் கையால் வார்த்தவை. கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, நாலாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் நான். ஃபைபர் வேலையை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. தொட்டி செய்கிற தொழிற்சாலைக்குக் கூட்டிப் பெருக்கப் போனவன், மூன்று வருடத்தில் அங்கேயே அச்சு வார்க்கிறவன் ஆனேன். பிறகு செனாவாங்கில் சொந்தப் பட்டறை. இதைத் தற்பெருமை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நடந்ததைத்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை மகள் திருத்தித் தருவாள். விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

சொல்லப் போவது தொட்டியைப் பற்றி இல்லை. என் தங்கையின் கணவருடைய படகைப் பற்றி.

மாப்பிள்ளை முப்பது வருடத்துக்கு மேல் செனாவாங்கில் ஷிப்ட் வேலை பார்த்தவர். தகடு அடிக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நின்று இடது காது பாதி போய்விட்டது. வீட்டில் அதிகம் பேச மாட்டார். சோறு வேண்டும் என்றால் தட்டை எடுத்து வைப்பார், அவ்வளவுதான். வேலை ஓய்ந்த பிறகு பதினேழு அடியில் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினார். லிங்கி ஆறு கடலில் சேருகிற இடத்தில் அதை இறக்கி, இஞ்சினை அணைத்துவிட்டுத் தூண்டிலைப் போட்டு உட்கார்ந்தால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். காலை முழுக்க அவர் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். தங்கச்சியும் பெரிய தொப்பியாகப் போட்டுக்கொண்டு கூடப் போவாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இவரு இவ்ளோ பேசி நான் கேட்டதில்ல அண்ணே," என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் படகைத்தான் போன வருடம் அவர் விற்கப் போனார். விற்கிற நிலைமைக்கு அவரைக் கொண்டுவந்தவன் நான். அது அப்போது அவருக்குத் தெரியாது.

படகு வாங்கி வந்தபோது மேல்தளம் மொட்டையாக இருந்தது. கயிறு கட்டுகிற இரட்டைக் கொம்பு, கைப்பிடிக் கம்பி, தூண்டில் செருகுகிற குழல், எல்லாவற்றையும் புதிதாகப் பொருத்த வேண்டும். படகை என் பட்டறைக்கே இழுத்து வந்தோம். மாப்பிள்ளை டிரில்லைக் கையில் எடுத்தார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"தொட்டின்னா ஓட்டயப் போட்டு, ரப்பர் வாஷர வச்சு, இறுக்குன்னு இறுக்கிட்டுப் போயிருவேன். இது அப்படி இல்ல மாப்ள."

"என்னா வித்தியாசம் மச்சான்? ரெண்டும் ஃபைபர்தானே."

வித்தியாசத்தைத் தேநீருக்கு வாங்கி வைத்திருந்த ரொட்டியை வைத்துக் காட்டினேன். படகின் மேல்தளம் ஒரே பலகை கிடையாது. மேலே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்சா என்கிற மரக்கட்டை. ரொட்டிக்கு நடுவில் காயா ஜாம் தடவின மாதிரி. பால்சா மிக லேசான மரம், தூக்கினால் கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். அதனால்தான் படகு கனக்காமல் உறுதியாக நிற்கிறது. ஆனால் அதற்குத் தண்ணீர் ஆகாது. போல்ட் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே போகிற தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. இரண்டு தோலுக்கும் நடுவில் மரம் ஊறி, கறுத்து, கடைசியில் நனைந்த கேக் மாதிரி ஆகிவிடும். மேலே பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. போர்ட்டிக்சனில் ஒருவர் தூக்கிப் போட்ட படகை வாங்கி வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

என் முறை இதுதான். போல்ட் அரை அங்குலம் என்றால் துளையை ஓர் அங்குலத்துக்குப் போடுவேன். மேல் தோலையும் கட்டையையும் மட்டும்தான், கீழ்த் தோலைத் தொடுவதில்லை. வளைத்த ஆணி ஒன்றை டிரில்லில் மாட்டிச் சுற்றவிட்டு, துளையைச் சுற்றியிருக்கிற கட்டையை இன்னும் கொஞ்சம் குடைந்து எடுப்பேன். அந்தக் குழியில் மாவு கலந்த இப்பாக்ஸிப் பசையைக் கெட்டியாக நிரப்பி ஒரு நாள் காய விடுவேன். காய்ந்தால் அது கல். அந்தக் கல்லின் நடுவில்தான் போல்ட்டுக்கான உண்மையான துளை வரும். இப்போது போல்ட்டைச் சுற்றி மரமே கிடையாது. தண்ணீர் போனாலும் கல்லைத்தான் தொடும். துளையின் வாயைக் கொஞ்சம் சரிவாகச் சீவிவிட்டால் சீலென்ட் என்கிற அடைப்புப் பசை அதில் மோதிரம் மாதிரி உட்காரும்.

அப்புறம் இறுக்குவது. இதில்தான் பெரிய பெரிய ஆட்களும் கோட்டை விடுகிறார்கள். கையில் பலம் இருக்கிறது என்று முழுக்க இறுக்கினால் சீலென்ட் எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும், இரும்புக்கும் ஃபைபருக்கும் நடுவில் ஒன்றும் மிஞ்சாது. முதல் நாள், சீலென்ட் ஓரத்தில் நூல் மாதிரி எட்டிப் பார்க்கிற வரைக்கும்தான் இறுக்க வேண்டும். அப்படியே விட்டுவிட வேண்டும். மறுநாள் அது ரப்பர் மாதிரி ஆன பிறகு இன்னும் அரைச் சுற்று. அதுவும் அடியில் இருக்கிற நட்டைத்தான் சுற்ற வேண்டும். மேலே போல்ட் அசைந்தால் ஒட்டினது பிய்ந்துவிடும்.

இப்படிப் பத்தொன்பது துளை. மாப்பிள்ளை தளத்துக்கு அடியில் இருக்கிற நங்கூரப் பெட்டிக்குள் படுத்து நட்டைப் பிடிப்பார், நான் மேலே. இரண்டு வாரம் ஆனது. பட்டறைக்கு வந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒவ்வொரு துளையாகக் காட்டினேன். காட்ட வேண்டிய வேலைதான் அது.

தங்கச்சிக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. தோட்டத்தில் பிறந்த நாங்கள் லாரி வாங்கினால் முன்னால் எலுமிச்சம்பழம் கட்டுவோம், வீட்டு மூலையில் முனியாண்டிக்குச் சூலம் நடுவோம். படகு தண்ணீரில் போகிற வாகனம், அதன் முகப்பில் சூலம் இருந்தே ஆக வேண்டும் என்றாள். துருப்பிடிக்காத இரும்பில், ஓர் அடி உயரத்துக்கு, நாலு துளை வைத்த சதுர அடித்தகட்டோடு வெல்டிங் கடையில் செய்து வாங்கிவிட்டாள். பூசாரி வெள்ளிக்கிழமை காலையில் நேரம் குறித்துக் கொடுத்தார். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் சூலம் ஏறிவிட வேண்டும்.

அன்றைக்கு நான் ஒன்பது மணிக்கே சுங்கை காடுட்டில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டேன். வாசலில் டிரெய்லர் மேல் படகு. அக்கம்பக்கத்து ஆட்கள் இருபது பேர். வந்தவர்கள் சும்மா நிற்கிறார்களே என்று பத்தொன்பது துளைகளைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டாவதில் இருக்கும்போது தங்கச்சி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, பத்தாச்சு. சூலத்த எப்ப வைப்பீங்க?"

"வைக்கிறதா? பூச முடியட்டும், கயித்துல கட்டிரலாம்."

"சாமி என்னா ஆடா, கயித்துல கட்டுறதுக்கு? போல்ட்டு போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். போல்ட் என்றால் துளை. துளை என்றால் குடைவது, நிரப்புவது, காய்வது. மூன்று நாள் வேலை. 'இன்றைக்கு முடியாது, அடுத்த வெள்ளிக்கிழமை வைப்போம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அரை மணி நேரமாக என் பெருமையைக் கேட்டுக்கொண்டிருந்த இருபது பேருக்கு முன்னால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாப்பிள்ளையிடமிருந்து டிரில்லை வாங்கினேன். நேராக நாலு துளை, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம். சீலென்ட் குழாய் செனாவாங்கில் பட்டறையில் இருந்தது. ஒன்றும் வைக்காமல் நாலு போல்ட்டையும் போட்டு, தொட்டிக்கு இறுக்குகிற மாதிரி இறுக்கினேன். பூசாரி போல்ட் தலைகள் மேல் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தார். மணி பத்து இருபத்தெட்டு. "சொன்ன நேரத்துக்கு முடிச்சிட்டாருப்பா," என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் கழற்றிச் சரியாகச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். இது பொய் இல்லை. சனிக்கிழமை காலை குழாயைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

"வச்ச சூலத்தப் பிடுங்குறதா?" தங்கச்சிக்கு முகமே மாறிவிட்டது. "என்னா பேச்சு அண்ணே இது? பூச போட்டு ஒரு நாள் ஆவல."

காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாளோ என்னவோ. நான் சொல்லவில்லை. "இல்ல, சும்மா கேட்டேன்லா," என்று தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். கொஞ்ச நாளில் மறந்தும் போனேன். மறக்க வேண்டியதை மறப்பதில் எனக்குத் திறமை உண்டு.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தங்கச்சி முக்காலி போட்டு ஏறிச் சூலத்துக்கு அபிஷேகம் செய்தாள். முதலில் தண்ணீர், அப்புறம் பால், அப்புறம் மறுபடி தண்ணீர். ஒரு வாரம் தவறியதில்லை.

இரண்டு வருடம் கழித்து மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். முன்தளத்தில் கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கியது. பார்த்த அடுத்த நிமிடமே என் வாய் திறந்துகொண்டது.

"கான்வாஸ் போட்டு மூடுங்க மூடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? மழையில நிக்கவச்சுக் கெடுத்துட்டீங்களே மாப்ள."

அவர் தலையை ஆட்டினார். "என் தப்புதான் மச்சான்." மறுநாளே போய்க் கான்வாஸ் வாங்கி மூடினார். எனக்கு அந்த நேரத்தில் சூலத்தின் ஞாபகம் வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. வந்ததா, வராமல் நான் தடுத்தேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ரந்தாவில் ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டு மேசையில், பத்துப் பேர் நடுவில், "நான் தங்கமா செஞ்சு குடுத்தேன், இவருக்கு வச்சுக்கத் தெரியல," என்றேன். மாப்பிள்ளை பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

தளம் இன்னும் இளகியது. சூலம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதுதான் தங்கச்சியைப் பயமுறுத்தியது. நட்ட சூலம் தானாகச் சாய்ந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாமிக்கு இந்தப் படகு பிடிக்கவில்லை, தங்கள் மேல் ஏதோ கோபம் என்று முடிவு கட்டிவிட்டாள். தானும் ஏற மாட்டேன், அவரையும் ஏற விட மாட்டேன் என்றாள். கெடுத்தது தான்தான் என்று ஏற்கெனவே நம்பியிருந்த மனிதர் என்ன பேசுவார்? லிங்கியில் மீன் பிடிக்கிற ஒரு மலாய்க்காரர், நாங்கள் மரியாதையாகப் பாக்சிக் என்று கூப்பிடுகிற பெரியவர், வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து இழுத்துப் போவதாக ஏற்பாடு.

மாப்பிள்ளை எனக்கு ஃபோன் செய்தார். "மச்சான், ஒரு ஒதவி. எவ்ளோ தூரம் கெட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. வாங்குற மனுசன்கிட்ட மறைக்கக் கூடாது."

சனிக்கிழமை காலை போனேன். அவர் பசியாறுவதற்கு ரொட்டி சானாய் வாங்கச் சந்தைப் பக்கம் போயிருந்தார். தங்கச்சி சமையலறையில். நான் தனியாகப் படகில் ஏறி, ஸ்குரு டிரைவரின் கைப்பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இடம் டக் டக் என்று கேட்கும். கெட்ட இடம் பொத் பொத் என்று, தலையணையைத் தட்டுகிற மாதிரி. நல்லதும் கெட்டதும் சேருகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். கயிறு கட்டும் கொம்பைச் சுற்றி, டக் டக். கைப்பிடிக் கம்பியின் காலைச் சுற்றி, டக் டக். பத்தொன்பது துளையும் கல்லு. எனக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தாயா என் வேலையை என்று சொல்ல ஆள் இல்லையே என்று இருந்தது.

கோடு போட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தேன். கோடு வட்டமாக வந்திருந்தது. வட்டத்துக்கு நட்டநடுவில் சூலம்.

மழையால் கெட்டிருந்தால் கண்ட இடத்தில் கெட்டிருக்கும். நங்கூரப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு நட்டைக் கழற்றினேன். போல்ட்டை மேலே உருவினதும் துளையின் வாயில் காப்பி நிறத்தில் தண்ணீர் ஊறி வந்தது. வாடை மூக்கில் ஏறியது. அழுகின மரத்தோடு புளித்த பால். மழைத் தண்ணீரில் பால் வாடை வராது.

போல்ட் கையிலேயே இருந்தது. திரும்பப் போட்டு இறுக்கினால் யாருக்கும் தெரியாது. நாளைக்குப் படகு லிங்கிக்குப் போய்விடும். என் பெயர் அப்படியே இருக்கும். மாப்பிள்ளை இந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், வாயைத் திறக்காமல்.

அவர் பொட்டலங்களோடு வந்தார். "என்னா மச்சான், இப்படி வேர்த்துக் கொட்டுது?"

முதலில் என் வாயிலிருந்து வந்தது எது என்பதையும் எழுதிவிடுகிறேன். "இதுல பாலு ஊத்துனது யாரு?" என்றேன்.

அவர் துளையைப் பார்த்தார், குனிந்து முகர்ந்தார். பொட்டலங்களைப் படகின் ஓரத்தில் வைத்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவகிட்ட சொல்லாதீங்க மச்சான். நான் மழையில வுட்டதாவே இருக்கட்டும். பாலுதான்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

எழுபது வயதில் எனக்கு அப்படி வெட்கம் வந்ததில்லை. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் என் அப்பாவைத் திட்டும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். அப்போதுகூட இப்படி இல்லை.

"பாலும் இல்ல, மழையும் இல்ல மாப்ள. நான்தான் ஓட்டய அடைக்கல," என்றேன். மெதுவாகத்தான் வந்தது.

"என்னா?" கேட்கிற காதைத் திருப்பிக் காட்டினார்.

"சூலத்து ஓட்ட நாலையும் நான் அடைக்காம வுட்டுட்டேன். ஒன்னும் வைக்காம இறுக்குனேன். அது வழியாத்தான் தண்ணி போயிருக்கு."

அவருக்குக் கேட்க வேண்டும் என்று கத்தினது சமையலறை வரைக்கும் போய்விட்டது. தங்கச்சி கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். மாப்பிள்ளை டிரெய்லர் கம்பியில் உட்கார்ந்தார்.

"பத்தொம்பதுக்கும் அவ்ளோ பாத்துப் பாத்துச் செஞ்சீங்களே."

"அதுல ஒன்னுகூட கெடல. தட்டிப் பாருங்க."

"அப்ப கான்வாஸ்?"

"கான்வாஸுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல."

அவர் சொன்னார், "கல்யாண வீட்டுல வச்சுச் சொன்னீங்க மச்சான்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். "சொன்னேன்," என்றேன். "தப்பு மாப்ள."

தங்கச்சி கிட்டே வந்தாள். சாய்ந்த சூலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப சாமிக்குக் கோவம் இல்லியா?"

"சாமிக்கு என்னா கோவம்? அடியில மரம் அழுவிப் போச்சு, சூலம் சாஞ்சிருச்சு. அவ்ளோதான். அன்னிக்கி நேரமாவும்னு சொல்றதுக்கு ஒன் அண்ணனுக்கு வாய் வரல."

"அடுத்த வெள்ளிக்கெழம வச்சிருப்போமே," என்றாள். "சாமி எங்க ஓடிப் போவப் போவுது? ரெண்டு வருசம் அண்ணே. கொடம் கொடமா ஊத்தியிருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது?" கரண்டியை என் பக்கம் நீட்டி நீட்டிப் பேசினாள். பேசப் பேச அவள் முகத்திலிருந்து அந்தப் பயம் இறங்கிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். திட்டு என்மேல் விழுந்தாலும் எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

கையைக் கழுவிவிட்டு வந்து சூலத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். வாய்க்குள் ஏதோ சொன்னாள். "இப்பக் கழட்டுங்க," என்று எனக்கு உத்தரவு. கழற்றிக் கொடுத்ததை மஞ்சள் துணியில் சுற்றி உள்ளே எடுத்துப் போனாள்.

மாப்பிள்ளை விற்பதைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. "வெட்டுங்க, பாப்போம்," என்றார், அவ்வளவுதான். கோட்டுக்கு வெளியே சதுரமாக மேல் தோலை அறுத்து மூடி மாதிரி தூக்கினேன். உள்ளே கறுப்புக் கூழ். தங்கச்சியின் சோற்றுக் கரண்டியாலேயே வழித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பாக்சிக் வந்தார். வண்டியைப் பின்னால் எடுத்து டிரெய்லருக்கு நேராக நிறுத்திவிட்டுத்தான் இறங்கினார். தளத்தில் சதுரக் குழியைப் பார்த்தார். விரலை விட்டு ஓரத்துக் கட்டையைக் கிள்ளினார். "ரோசாக் லா இனி," என்றார். கெட்டுப்போய்விட்டது என்று. பரவாயில்லை, தன் மகன் சரி செய்துகொள்வான், இப்படியே இழுத்துப் போகிறேன் என்றார். நல்ல மனிதர்.

மாப்பிள்ளை கையில் உளியோடு நின்றுகொண்டிருந்தார். வாசற்படியில் தங்கச்சி. அவள் உள்ளே போகவில்லை. அவளுடைய பெரிய தொப்பி ஆணியில் தொங்குவது அவளுக்குப் பின்னால் தெரிந்தது. மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், குழியைப் பார்த்தார்.

"தாக் ஜாடி ஜுவால், பாக்சிக். மாஃப்," என்றார். விற்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்று.

பாக்சிக்குக்கு விளங்கவில்லை. நல்ல படகை வைத்துக்கொண்டு கெட்ட படகை விற்பவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஏன் என்று கேட்டார். மாப்பிள்ளை என் பக்கம் கையைக் காட்டினார். இந்த வேலையில் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே இவரை மிஞ்ச ஆள் கிடையாது, அவரே வந்து என் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது நான் எதற்கு விற்க வேண்டும் என்று மலாயில் சொன்னார். அதைக் கிண்டலாகச் சொன்னாரா, மரியாதையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பாக்சிக் சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டிவிட்டு, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

கட்டையை முழுக்க வழித்தெடுத்து, நாலு நாள் வெயிலில் வைத்து, விசிறி போட்டுக் காய வைத்தோம். புதுக் கட்டை வைத்துப் பசை ஊற்றி, அறுத்த தோலைத் திரும்ப ஒட்டி, மேலே ஃபைபர் போர்த்தி இழைத்தேன். தங்கச்சி பூசாரியிடம் போகவில்லை. "வேல முடியட்டும், அப்புறம் நேரம் பாத்துக்கலாம்," என்றாள். சூலத்துக்கு நாலு துளையும் பெரிதாகப் போட்டுக் குடைந்து நிரப்பினோம். குடைந்தது மாப்பிள்ளை. நான் டிரில்லைத் தொடவில்லை. காய்ந்த பிறகு நடுவில் துளை, வாயில் சரிவு, சீலென்ட். நூல் மாதிரி எட்டிப் பார்த்ததும் நிறுத்தினோம்.

"பால் ஊத்தலாமா அண்ணே?" என்று கேட்டாள்.

"ஊத்து. மாட்டயே ஏத்தி நிறுத்திக் கறந்தாலும் ஒரு சொட்டு எறங்காது."

"ஆரம்பிச்சிட்டாரு," என்றாள்.

மறுநாள் அரைச் சுற்று இறுக்க வேண்டிய நாள். நான் வழக்கம்போல மேலே உட்காரப் போனேன்.

"நீங்க உள்ள போங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "நான் மேல."

என் வயிற்றை வைத்துக்கொண்டு அந்த நங்கூரப் பெட்டிக்குள் நுழைவது என்ன கஷ்டம் என்று சொன்னால் புரியாது. நுழைந்தேன். முழங்கால் ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம். மேலே அவர் போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். நான் ஸ்பானரை நட்டில் மாட்டினேன்.

"அரச் சுத்துதானே?"

"அரதான்."

சுற்றினேன். நாலாவதில் என் கை இன்னும் கொஞ்சம் போகலாம் என்று கேட்டது. கை அப்படித்தான், ஐம்பது வருடப் பழக்கம்.

"மச்சான், இன்னும் சுத்துறீங்களா?"

"இல்ல. நிறுத்திட்டேன்."

"அப்ப படக எறக்கிரலாமா? நாளக்கிக் காலையில தண்ணி நல்லாருக்கும்."

படுத்த இடத்திலிருந்து நாலு நட்டையும் விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தன. போகலாம் என்று சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

"இன்னும் ரெண்டு நாள் காயட்டும் மாப்ள," என்றேன்.

"சரி," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "எனக்கு அவசரம் இல்ல."